புரியாவிட்டால் மேசையைத் தட்டுங்கள்

எத்தியோப்பியா வரை என்னைக் கூட்டிப்போய், திருக்கோகர்ணத்தில் தனியாக விட்டுப்போன என் அன்புக் கணவருக்கு,

நம் மகள் அமலிக்கு வேலை போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இங்கிலாந்துக் கல்லூரியில் அவளிடம் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள், அவள் உச்சரிப்பு புரியவில்லை என்று துறைத்தலைவரிடம் புகார் கொடுத்துவிட்டார்கள். சரியாகாவிட்டால் அடுத்த ஆண்டு வகுப்பு கிடையாது என்றாராம்.

போனில் அழுதாள். "நீங்க கான்வென்ட்ல படிச்சவங்க. என் இங்கிலீஷ்ல என்னம்மா கோளாறு?"

அவள் அனுப்பிய வகுப்பு வீடியோவை முழுதாகப் பார்த்துவிட்டுச் சொன்னேன். "இங்கிலீஷ்ல ஒண்ணுமில்ல. பஸ்ஸைப் பிடிக்க ஓடுற மாதிரி பேசுற. அங்கிட்டுத் திரும்பி போர்டுகிட்ட பேசுற. எனக்கே புரியல."

"வெள்ளைக்காரங்க மாதிரி பேசப் பழகவாம்மா?"

"ஒண்ணும் வேணாம்."

பிள்ளைகளையும் குறை சொல்ல மாட்டேன். கான்வென்ட்டில் எங்கள் அயர்லாந்து சிஸ்டர் பேசியது அரையாண்டுத் தேர்வு வரை எங்களுக்குப் புரியவில்லை. கேட்கப் பயம். "எஸ் சிஸ்டர்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

நீங்கள் அந்தப் பயத்துக்கு இடம் வைக்கவில்லை. உங்கள் கீரனூர் ஆங்கிலம் பிடிபடாமல் எத்தியோப்பிய மாணவர்கள் விழித்தபோது, மேசையைத் தட்டுங்கள், வேறு மாதிரி சொல்கிறேன் என்றீர்கள். வீட்டிலும் அதே சட்டம். சாப்பாட்டு மேசையை அமலி தட்டுவாள். நான் இன்னும் பலமாகத் தட்டுவேன். "என்ன ரோஸ்லின், கான்வென்ட்டுக்கே புரியலையா?" என்று சிரிப்பீர்கள்.

அதை நினைவுபடுத்தினேன். "இங்க செஞ்சா சிரிப்பாங்கம்மா" என்றாள்.

"சிரிக்கட்டும். தூங்காம இருப்பாங்கல்ல."

மறுநாளே சொல்லிப் பார்த்திருக்கிறாள். வெகுநேரம் யாரும் தட்டவில்லை. பிறகு பின்வரிசையில் ஒரு தட்டு. பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பி நின்று, நிதானமாக, வேறு வார்த்தைகளில் சொன்னாளாம். வகுப்பு முடிவதற்குள் மரங்கொத்திகள் புகுந்த மாதிரி சத்தமாம்! புகார் எழுதிய பெண்தான் அதிகம் தட்டுகிறாள். அவள் தட்டும் இடங்களில் உச்சரிப்பு அல்ல, பாடமே கடினம் என்று இப்போது எல்லோருக்கும் தெரிகிறது. துறைத்தலைவர் ஒருநாள் வந்து உட்கார்ந்தாராம். அவரும் ஒருமுறை தட்டினாராம். நேற்று, அடுத்த ஆண்டும் வகுப்பு உண்டு என்று சொல்லிவிட்டார்.

உச்சரிப்பு அப்படியேதான் இருக்கிறது. அது உங்களுடையது. அதை எதற்கு மாற்ற வேண்டும்?

நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன மொழி பேசுகிறார்கள்? நீங்கள் பேசுவது அவர்களுக்குப் புரிகிறதா?

கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியோடு வருவேன். இதை உங்கள் தலைமாட்டில் நின்று நிதானமாக வாசிப்பேன். புரியாவிட்டால் தட்டுங்கள். பயப்பட மாட்டேன், இன்னொரு முறை வாசிப்பேன்.

உங்கள் மனைவி, அமலியின் அம்மா,
ரோஸ்லின்