நீல நோட்டும் சிவப்பு நோட்டும்

இருந்தபோதும் போனபிறகும் என்னை அலைக்கழிக்கும் என் அன்பு அப்பாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இன்னும் உன்னால் எனக்கு நிம்மதி இல்லை. பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டி, ஓய்வு பெற்றதும் டிவி பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போயிருந்தால் நான் பாட்டுக்கு அழுது முடித்திருப்பேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதனுக்குக் கணிதம் எதற்கு? நடைபாதைக் கடையில் வாங்கிய அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, முப்பது வருஷம் பகா எண்களோடு மல்லுக்கட்டினாய். நம் ஆஸ்டின் டவுன் வீட்டில் கரண்ட் பில்லின் பின்பக்கம்கூடக் காலியாக இருந்ததில்லை.

உன் சிவப்பு நோட்டை ஒரு கணிதப் பேராசிரியரிடம் கொடுத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டார். "பாதிக்கு மேல ஏற்கெனவே புத்தகத்துல இருக்கும்மா. சிலது தப்பு" என்றார். யாரோ எப்போதோ கண்டுபிடித்ததையெல்லாம் நீ தனியாக உட்கார்ந்து மறுபடி கண்டுபிடித்திருக்கிறாய். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

பிறகு கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். "இந்த ஒரு வரிய மட்டும் நான் எங்கயும் பாத்ததில்ல. கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன், இதுவரைக்கும் சரியா வருது. ஆனா ஏன் சரின்னு எழுதியிருந்தாதான் உங்க அப்பா நிரூபிச்சார்னு சொல்ல முடியும். வழி எங்கம்மா?"

வழியெல்லாம் உன் இன்னொரு நோட்டில், அந்த நீல நோட்டில் இருந்தது. உன்னைக் கிடத்தியிருந்தபோது, "அவுரு ஆசையா வெச்சிருந்தது எதுனா கூட அனுப்பணும்" என்றாள் அம்மா. மற்றவர்களுக்கு வெற்றிலை, பீடிக்கட்டு என்று வைப்பார்கள். உனக்குத்தான் ஒரு பழக்கமும் கிடையாதே. "நோட்டு வெச்சிருப்பாரே, அத வெய்யி" என்றார் சித்தப்பா. இரண்டில், அடித்தும் திருத்தியும் அழுக்கேறிக் கிடந்ததை எடுத்து உன் நெஞ்சின் மேல் வைத்தது நான். அழகாக எழுதியிருந்ததை வீட்டில் வைத்துக்கொண்டோம். உன்னோடு சேர்த்து நீல நோட்டின்மேலும் மண் போட்டாயிற்று.

அதற்கும் உன்மேல்தான் கோபம் வருகிறது. சிவப்பு நோட்டிலும் வழியை எழுதியிருந்தால் குறைந்தா போயிருப்பாய்? "அப்பாவுக்கு அந்தப் பழக்கமில்ல சார்" என்று சமாளித்துவிட்டு வந்தேன். அது பொய்.

பத்தாவது படிக்கும்போது ஒரு நாள், எனக்கு ஒரு கணக்கை முதலிலிருந்து விளக்க உட்கார்ந்தாய். "வழியெல்லாம் வேணாம்பா. விடைய மட்டும் எழுதிக் குடு, அது போதும்" என்றேன். விடையை மட்டும் எழுதிக் கொடுத்தாய். மறுநாள் சிவப்பு நோட்டு வாங்கி வந்து, முதல் பக்கத்தில் என் பெயரை எழுதினாய். அன்றிலிருந்து கடைசி வரை அதில் விடைகள் மட்டும்தான்.

திட்டியிருக்கலாமே அப்பா. ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சொன்னதை அப்படியே கேட்கிற அப்பாவை வைத்துக்கொண்டு ஒரு மகள் என்ன செய்வாள்?

வரும் ஞாயிற்றுக்கிழமை பேராசிரியரிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். அந்த ஒரு வரிக்கு வழி தேடிப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சுவேன். மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள் நான், எனக்குப் பின்னம்கூட மறந்துபோச்சு. பரவாயில்லை. அவர் முதலிலிருந்து சொல்லட்டும், பக்கத்திலேயே உட்கார்ந்து முடிகிறவரை கேட்பேன்.

உன் அவசரக்கார மகள்,
கலா