படகைச் சுற்றிய வெளிச்சம்

சூவா, ஃபிஜி
4-6-2024

அன்பிற்கினிய சரோஜா,

நலம், நீயும் நலமாக இருப்பாய். போன மாதம் சாண்டா குரூஸ் தீவுகளில் ஒரு பாய்மரப் படகில் சென்றேன். மேகம் நட்சத்திரங்களை மூடினாலும் அங்குள்ள மாலுமிகள் கரையை அறிகிறார்கள். தொலைவிலுள்ள தீவிலிருந்து நீருக்கடியில் மின்னல்போல் ஒளி பாய்ந்து வருமாம். அந்தத் திசையே வழி. நானும் கண்டேன். படகைச் சுற்றிப் பச்சையாய் மினுங்கியது. “அதோ கரை” என்று கத்தினேன். எல்லோரும் மகிழ்ந்து வெகுநேரம் சிரித்தார்கள். அக்கணமே நம் வீடு கண்முன் நின்றது.

இங்கே என்னோடு இருந்த ஷாரோன் தன் மகளோடு நியூசிலாந்து போய்விட்டாள். இருபத்தாறு ஆண்டு அந்நிய நாட்டு வாழ்க்கை போதும். திரும்பி வருகிறேன். மாடி அறையை ஒழித்து வை.

என்றும் உன்,
பாண்டுரங்கன்


சேரப்பணஞ்சேரி
21-6-2024

பாண்டுரங்கன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் மதிக்கத் தக்கவர்கள் அந்தச் சிரித்தவர்கள் மட்டுமே. விலங்கியல் முதுகலையில் என்னோடு ஒரே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தீர்கள், உட்கார்ந்ததோடு சரி. அந்த மாலுமிகள் சொல்லும் ஒளி ஆழத்தில் கோடாகப் பாய்வது. கரை நெருங்கினால் மறைவது. அதன் காரணத்தை அறிவியல் இன்னும் உறுதிசெய்யவில்லை. படகை ஒட்டி மினுங்குபவை நுண்ணுயிர்கள், கலக்கினால் ஒளிரும். நீங்கள் போற்றியது உங்கள் படகு கலக்கிய வெளிச்சத்தை.

மாடியில் ஒரகடம் தொழிற்சாலையில் வேலைபார்க்கும் இரு தூத்துக்குடிப் பெண்கள் குடியிருக்கிறார்கள். செய்தியைச் சொன்னேன். அவர்களில் ஒருத்தி, இசக்கிசெல்வி, முதலில், “அவிய வந்தா நாங்க எங்க போவோம், டீச்சரம்மா?” என்றாள். சற்று யோசித்து, “அந்தப் பொம்பள போனதாலதான வாராவ?” என்றாள். உங்களைப் புரிந்துகொள்ள அவளுக்குப் பசிபிக் பெருங்கடல் தேவைப்படவில்லை.

சரோஜா


சூவா
9-7-2024

சரோஜா,

உன் நாக்கு மாறவில்லை. அதுவும் ஓர் ஆறுதல். ஆகஸ்டில் வர விமானச் சீட்டு எடுத்துவிட்டேன். கட்டிய கணவன் வரும்போது குடியிருப்பவர்களை அனுப்புவதுதான் முறை. அந்தப் பெண்களுக்கு ஊரில் விடுதியா இல்லை? காலில் வீக்கம், என்னால் படியேற முடியாது. எனவே கீழேயுள்ள உன் அறையை எனக்குக் கொடுத்துவிட்டு நீ மாடிக்குப் போய்விடு. எண்ணெய் குறைத்துச் சமைத்தால் போதும்.

உன்,
பாண்டுரங்கன்


சேரப்பணஞ்சேரி
25-7-2024

பாண்டுரங்கன் அவர்களுக்கு,

விடுதி இருக்கிறது. ஒரகடம் கூட்டுச்சாலை அருகே, ஆண்களுக்கானது. தரைத்தளம், படி கிடையாது. நேரில் போய்ப் பேசி உங்களுக்கு இடம் பிடித்தேன். இசக்கிசெல்வியும் அவள் தோழியும் மாடியிலேயே இருப்பார்கள். நான் என் அறையில்.

அங்கே ஒரு கட்டிலை இருவர் முறைவைத்துப் பயன்படுத்துவது வழக்கம். இரவு ஷிஃப்ட் முடித்துக் காலையில் வருகிற பையனோடு உங்களைச் சேர்த்திருக்கிறார்கள். நிர்வாகி வசந்தகுமார் தயங்கினார்: “மேடம், பெருசு தூங்கிகினே இருந்தா அந்தப் புள்ள எங்க படுப்பான்?” எழுந்துவிடுவீர்கள் என்று உறுதி கொடுத்திருக்கிறேன்.

மூன்றாண்டில் வருகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்தப் பையனையாவது காக்க வைக்காதீர்கள்.

சரோஜா