புகைக்கூடத்தில் காய்ந்த நிழல்கள்

கஹவத்தை
1936 ஓகஸ்ட்

அன்பு மகன் முஹ்ஸினுக்கு வாப்பா எழுதுவது. அல்லாஹ் உன்னைச் சுகத்தோடும் பாதுகாப்போடும் வைத்திருக்க வேண்டும். இங்கே நாங்கள் அவன் அருளால் நலம், உம்மாவின் முழங்கால் வலி மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது. பயக்கதை எழுதப் போகிறேன் என்று நீ பம்பாய்க்குப் புறப்பட்ட அன்று, பயப்படுவதற்கென்று காசு கொடுத்துக் கொட்டகைக்குள் போகிற பைத்தியம் உன்னைத் தவிர எவன் இருக்கிறான் என்று நான் ஏசினேன், பெட்டியைத் தூக்கிக்கொண்டே நீ ஒன்று கேட்டாய், "வாப்பா, நீங்க எப்பயாச்சும் ஒருத்தரப் பயங்காட்டிப் பாத்திருக்கீங்களா" என்று. வாழ்நாள் முழுக்க வகுப்பில் பிரம்போடு நின்றவனிடம் கேட்கிற கேள்வியா என்று அன்று சிரித்துவிட்டேன். இப்போது என்னிடம் பதில் இருக்கிறது மகன், ஆனால் சோறு இறங்க விடாத பதிலாக இருக்கிறது.

நீ பார்க்கிற படங்களைப் பற்றி எழுதும் கடிதங்களை ஞாயிறு பின்னேரம் கபூர் நானாவின் கடையில் நான் வாசித்துக் காட்டுவது உனக்குத் தெரியும். தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்க வந்து, அதைக் கேட்டுவிட்டுத்தான் மலை ஏறுவார்கள். ஆகாயத்தில் ஊர் கட்டி வாழ்கிறவர்களின் படத்தை வாசித்தபோது றப்பர் பால் வெட்டுகிற ஏழுமலை, "அங்கயும் விடியறதுக்குள்ள பேரெடுக்கப் பெரட்டுக்குக் கூப்புடுவானுங்களா மாஸ்டரய்யா" என்று கேட்டுக் கடையே சிரித்தது. ஆனால் கடைசியாக நீ எழுதியது வேறு மாதிரி. ஒரு டொக்டர் ஏதோ ஒரு விளக்கின் ஒளியை மனிதர் மேல் பாய்ச்சி, அவர்களுடைய நிழலை உரித்தெடுத்து ஓர் அறையில் தொங்கவிடுகிறான், நிழல் போனவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கள் பேரையே மறக்கிறார்கள். உரித்த நிழல் எப்படி இருக்கும் என்று ஆட்களுக்கு விளங்கவில்லை. உதாரணம் சொல்லாவிட்டால் எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, உங்கள் தோட்டத்துப் புகைக்கூடத்தில் றப்பர் ஷீட் வரிசையாகத் தொங்குகிறது அல்லவா, முதலில் வெள்ளையாக, புகை ஏற ஏறப் பழுப்பாக, அதே மாதிரித்தான் என்று சொன்னேன். சொன்னதும் எல்லாரும் குனிந்து தங்கள் காலடியைப் பார்த்தார்கள். கபூர் நானா சீனி நிறுத்துக்கொண்டிருந்த தராசைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். புருஷனின் நிழலைத் தேடி ஒரு பெண் அந்த அறைக்குள் நுழைகிறாள், பின்னால் கதவு சாத்திக்கொள்கிறது, நான் அந்த இடத்துக்கு வரும்போது மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். மீதி அடுத்த ஞாயிறு என்று கடிதத்தை மடித்துக்கொண்டு எழும்பிவிட்டேன். பாடத்தை அப்படி ஓர் இடத்தில் நிறுத்தினால் பிள்ளைகள் மறுநாள் தவறாமல் வருவார்கள், அந்தப் பழக்கம்தான். உன்னிடம் ஒளிப்பானேன், அந்த முகங்களை நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் பள்ளிவாசலுக்கு நடந்தேன்.

அடுத்த ஞாயிறு எனக்குக் காய்ச்சல், போகவில்லை. புகைக்கூடத்தில் ஷீட் திருப்பிப் போடுகிற வெள்ளையம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும், புருஷன் இல்லாதவள், மழையில் சரிவில் விழுந்து கால் முறிந்த பிறகு மலை ஏற முடியாமல் தோட்டத்துத் துரையிடம் கெஞ்சி அந்த வேலையை வாங்கியவள். அவளும் அன்று கடையில் இருந்தாள், என் கதையைக் கேட்ட மறுநாள் காலை கதவைத் திறந்து உள்ளே பார்த்தவள், திரும்பச் சாத்திவிட்டு வெளியே குந்திவிட்டாளாம். மறுநாளும் அப்படியே. கங்காணி ஏசிப் பார்த்தான், லயத்துக் குடியிருப்புப் பொம்பளைகள் "நெழலு புடிக்கிறவன் வர்றான் ஓடு ஓடு" என்று பகிடி பண்ணினார்களாம். ஷீட்டெல்லாம் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியதும் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் அந்த வேலையை இன்னொரு லயத்துக்காரி ஜெயம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். ஜெயம்மா நான் வாசித்த அன்று கடைக்கு வரவில்லை, கதையும் கேட்கவில்லை, பாட்டுப் பாடிக்கொண்டு உள்ளே போய் வருகிறாள். வெள்ளையம்மாவை மலையில் புல்லு வெட்டப் போட்டுவிட்டார்கள்.

காய்ச்சல் விட்டதும் கபூர் நானா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். கம்பை ஊன்றிக்கொண்டு லயத்துக்குப் போனேன். அவள் காலுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அதெல்லாம் பொய்யம்மா, வெள்ளைத் துணியில் விழுகிற வெளிச்சம்தான் என்றேன். "பொய்யின்னு எனக்குத் தெரியாதா, பொய்யின்னா அத எதுக்கு மாஸ்டரய்யா அம்புட்டு நெசமா சொன்னீங்க" என்று கேட்டாள். பிறகு அவளே, "சரி அத விடுங்க, உள்ளுக்குப் போன அந்தப் பொண்ணு என்னா ஆனா, அதச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அந்தப் பெண் இருட்டில் சுவரைத் தடவி ஆணியடித்த ஒரு ஜன்னலைக் கண்டுபிடித்து உடைக்கிறாள், வெயில் உள்ளே விழுகிறது, நிழல்கள் எல்லாம் கொடிக்கயிற்றை விட்டு வழுக்கி இறங்கிக் கதவுக்கு அடியால் ஊர்ந்து போய் அவரவர் காலடியில் சேர்கின்றன என்று நீ எழுதியிருந்ததை அப்படியே சொன்னேன். "இத அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, நான் போயி கூடத்துல பொக போற அந்தப் பலகைய ஒரு சாண் தொறந்து வெளிச்சத்த உட்டுட்டு என் வேலையப் பாத்திருப்பேனே" என்றாள். ஏசியிருந்தால் கூட ஆறியிருக்கும் மகன், அதை அவள் ஏசாமல் சொன்னாள்.

கிளாக்கரிடம் போய்க் குற்றம் என்னுடையது என்று சொன்னேன். "பேய்க்கதைக்குப் பயந்தவள நம்பி எப்புடி மாஸ்டர் சரக்க விடுறது" என்று சிரித்தார். துரையைப் பார்க்கக் கேட்டிருக்கிறேன், இன்னும் கூப்பிடவில்லை, கூப்பிடும் வரை கேட்டுக்கொண்டே இருப்பேன். காலையில் நம் வாசலில் நின்றால் புல்லு வெட்டுகிற ஆட்கள் எதிர்மலையில் ஏறுவது தெரியும். எல்லாருக்கும் பின்னால் ஒருத்தி நின்று நின்று ஏறுகிறாள். தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் மேலே போய்ச் சேரும் வரை பார்க்கிறேன், அதற்குள் ஆறிவிடுகிறது, உம்மா ஏசுகிறாள்.

இதற்காக நீ படம் பார்ப்பதையோ பயக்கதை எழுதுவதையோ விட்டுவிட வேண்டாம், உன்னை ஏச எனக்கு இனி வாயும் இல்லை. ஒருவரைப் பயங்காட்டுவதில் எவ்வளவு ருசி இருக்கிறது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. தங்கச்சி றுகையாவின் பிள்ளைக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது, உன் படத்தைக் காட்டினால் கடிக்கப் பார்க்கிறது. வெறும் வயிற்றோடு கொட்டகைக்குப் போகாதே, ஜும்ஆவை விடாதே. உன் கைக்கும் கண்ணுக்கும் அல்லாஹ் பறக்கத் செய்யட்டும், உம்மாவும் துஆச் செய்கிறாள்.

ஒன்றை மட்டும் செய்து பார். இந்தக் கடிதம் கிடைக்கிற அன்று உன் அறையில் இருக்கிற யாருக்காவது ஒரு பயப் படத்தைச் சொல்லு, பாங்குக்கு முன்பே முடியும்படி நேரத்தோடு தொடங்கி, ஜன்னல் திறக்கிற இடம் வரை சொல்லி முடித்துவிட்டு எழும்பு.

இப்படிக்கு
உன் வாப்பா
மர்சூக்