தூரம் என்று சொன்ன சொல்

ஹம், ஜேர்மனி
மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எங்கள் நலத்தைப் பற்றிக் கீழே வருகிறது.

குளியலறைத் தொட்டியின் விளிம்பில் இருந்து எழுதுகிறேன். அம்மா இப்போது தன் அறைக் கதவைச் சாத்துவதில்லை. என் மேசை விளக்கைப் போட்டால் வெளிச்சம் அவருடைய கட்டில் வரை போகும். உனக்கு எழுதுவது தெரிந்தால் கோபிப்பார். "அவள் தன்ரை பாட்டிலை இருக்கட்டும். ஒருத்தரும் அவளைக் கரைச்சல்படுத்தக் கூடாது" என்று போன மாதமும் சொன்னார். உன்னுடைய பழைய எண்ணுக்கு நான் அனுப்பிய எதுவும் போய்ச் சேரவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு நீ அனுப்பிய பெட்டியில் ரொறன்ரோ விலாசம் இருந்தது. அந்த மட்டையை வெட்டி, கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன்.

டொச் மொழியில் எழுதினால் எனக்குச் சுலபம். ஆனால் டொச்சில் எழுதத் தொடங்கினால் ஏதோ அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதுவது போலவே வருகிறது. அம்மாவுக்காக எழுதி எழுதி அப்படி ஆகிவிட்டது. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் நான் சிறு மேளம் வாசிக்கிறேன். நீ போகும்போது எனக்கு இரண்டு தடிகளையும் ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது. இப்போது என்னை ஒரு ட்ரம் கோர் குழுவுக்குத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். பித்தளை ஊதுகுழல்களும் மேளங்களும் மட்டும் உள்ள பெரிய குழு அது. மைதானத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே வாசிப்பார்கள். கை ஒரு கணக்கில் போகும், கால் இன்னொரு கணக்கில் போகும், கண் கீழே பார்க்கக் கூடாது. ஜூலையில் நான்கு கிழமை, கிட்டத்தட்ட மாதம் முழுவதும், ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூட மண்டபங்களில் படுத்தெழும்பி, ஒவ்வொரு நாளும் வாசிக்க வேண்டும். ஒல்லாந்துக்கும் போவார்கள்.

வீட்டில் நான் வெட்டுப் பலகையின் மேல் துவாயைப் போட்டுத்தான் பழகினேன். கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் கூரையை இடிப்பாள். அம்மா பதிலுக்குக் காலால் நிலத்தில் உதைத்துவிட்டு, "நீ அடியடி பிள்ளை. தவில்காரர் வீட்டிலை பிறக்க வேண்டியது, பிள்ளை மாறி என்னட்டை வந்திட்டுது" என்பார். சமைக்கும்போது என் தாளத்துக்குச் சரியாக வெங்காயம் வெட்டுவார். நான் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டுவேன். "கையை வெட்டப் பாக்கிறாள்" என்று கத்துவார், ஆனால் நிறுத்தமாட்டார்.

நான்கு சனிக்கிழமை தேர்வு நடந்தது. மேளத்தைத் தோளில் மாட்டினால் என் இடுப்பு எலும்பில் இடிக்கும். இரண்டாம் சனிக்கிழமை, பின்னால் நடக்கும்போது ஒரு தடி கைதவறி விழுந்தது. நான் குனிந்து எடுத்தேன். குழுத் தலைவர் ப்ரிங்க்மன் எல்லோரையும் நிறுத்தினார். விழுந்த தடியை எடுக்கக் கூடாதாம். ஒற்றைக் கையால் வாசித்துக்கொண்டே போக வேண்டுமாம். பின்னால் வருபவர் தன்னிடம் உள்ள மேலதிகத் தடியைத் தருவாராம். அதற்குப் பிறகு எனக்குத் தடி விழவில்லை. கடைசிச் சனிக்கிழமை என் முதுகுக்குப் பின்னால் வேண்டுமென்றே ஒரு கதிரையைத் தள்ளி விழுத்தினார்கள். எனக்குக் கணக்குத் தவறவில்லை.

அன்றைக்குப் பெற்றோரும் வர வேண்டும். அம்மா நீலச் சேலை உடுத்து, தலையைத் துணியால் கட்டிக்கொண்டு வந்தார். முடிவில் ப்ரிங்க்மன் அம்மாவின் கையைப் பிடித்து, என்னைக் காட்டி, மெதுவாக, அம்மாவுக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "உங்கள் மகள் ஸோ வைற்."

உனக்குத் தெரியும், அது "ஆயத்தமாகிவிட்டாள்" என்று கருத்து.

அம்மாவுக்கு "வைற்" என்ற தனிச் சொல் மட்டும் தெரியும், தூரம் என்று. துப்புரவு வேலை கேட்டுத் திரிந்த காலத்தில் எந்த பஸ் எவ்வளவு தூரம் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய சொல். முகமெல்லாம் மலர்ந்து என்னிடம் திரும்பி, "நீ சொல்லாதை, எனக்கே விளங்கினது. அவ்வளவு தூரமாம், என்ன? நீ போற இடங்கள் சரியான தூரமாம்" என்றார். தானாகவே ஒரு டொச் வசனத்தைப் பிடித்துவிட்ட சந்தோசம்.

நான் ஓம் என்றேன். "ஓம் அம்மா, சரியான தூரம். இந்த வருசம் வேண்டாம்" என்றேன். ப்ரிங்க்மனுக்கு டொச்சில், அம்மா யோசித்துச் சொல்வார் என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்கு எழுத வேண்டும். அம்மாவுக்கு மருந்து ஏற்றத் தொடங்கி ஏழு மாதம். வயிற்றில் இருந்த புற்று ஈரலுக்குப் போய்விட்டது. மார்கழியிலேயே உனக்கு அறிவிக்கப் பார்த்தேன், அம்மா விடவில்லை. மருந்து ஏற்றிய மூன்றாம் நாள் அவரால் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க ஏலாது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்கிறேன். கடைசிக் கடிதத்தில் ஒரு சொல் இருந்தது. அதைத் தேடிப் பார்த்தேன், இனிக் குணமாக்க ஏலாது என்று கருத்து. அம்மாவிடம் அந்த வரியை விட்டுவிட்டு மற்றதை வாசித்தேன். மே 26 அன்று டொக்டரோடு பேச்சு. நான்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

அப்பா இறந்த நாளில் எனக்குப் பத்து வயது. ஆஸ்பத்திரி நடைபாதையில் டொக்டர் உன்னிடம் சொன்னார், நீ அம்மாவிடம் சொன்னாய். உனக்கு அப்போது பதினேழு. அன்றிரவு நீ, "இனி நான் ஒருத்தருக்கும் ஒண்டையும் சொல்லமாட்டன்" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. நீ எங்களை விட்டுப் போனதற்கு நான் உன் மேல் கோபமாக இருந்தேன். இப்போது இல்லை.

அம்மாவுக்காகத்தான் தூரம் என்று சொன்னேன் என்று என்னையே நம்ப வைக்கப் பார்க்கிறேன். ஆனால் எனக்கு உண்மையிலேயே பயம். நான்கு கிழமை கழித்துத் திரும்பி வந்து கதவைத் திறக்கும் அந்த நேரத்தை நினைத்துப் பயம். படிவத்தில் அம்மாவின் கையெழுத்து வைத்து முப்பத்தோராம் திகதிக்குள் கொடுக்க வேண்டும். அது என் பையில் அப்படியே இருக்கிறது. நான் ஆயத்தமா அக்கா? ப்ரிங்க்மனுக்கு என் கையையும் காலையும் மட்டும்தானே தெரியும்.

எனக்குப் பின்னால் மேலதிகத் தடியோடு யாரும் வரவில்லை.

அம்மா இருமுகிறார். நிறுத்துகிறேன்.

அன்புடன்,
ஆதிரை


ஹம்
மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் கடிதம் உனக்குக் கிடைத்ததோ தெரியாது. கிடைக்காவிட்டால் இதை மட்டும் வாசி. அம்மாவுக்கு ஈரலில் புற்றுநோய். எனக்கு ட்ரம் கோர் குழுவில் இடம் கிடைத்தது, நான் பொய் சொல்லி அதை மறைத்தேன். இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

நேற்று டொக்டரிடம் போனோம். இரண்டு நாளாக நான் சாப்பிடவில்லை. பஸ்ஸில் டொச் சொற்களையும் தமிழ்ச் சொற்களையும் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு தமிழ் அக்கா இருந்தார். பெயர் வசுந்தரா. ஆஸ்பத்திரியே ஒழுங்குபண்ணிய மொழிபெயர்ப்பாளர். டொக்டர் என்னைப் பார்த்து, "இதை நீ மொழிபெயர்க்க வேண்டியதில்லை. நீ மகளாக இரு" என்றார். எனக்கு அழுகை வந்தது, அக்கா. உனக்கு ஏன் அன்றைக்கு ஒருவரும் இப்படிச் சொல்லவில்லை என்றுதான் நினைத்தேன்.

டொக்டர் படங்களைக் காட்டி நீண்ட நேரம் பேசினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இப்போது ஸோ வைற்" என்றார்.

நான் நிலத்தைப் பார்த்தேன். வசுந்தரா அக்கா அம்மாவின் பக்கம் திரும்பி, "மருந்தை நிப்பாட்டுற நேரம் வந்திட்டுதெண்டு சொல்லுறா, அன்ரி. இனி நோகாமல் வைச்சிருக்கிறதுதானாம்" என்றார்.

அம்மா அழவில்லை. நெற்றியைச் சுருக்கி, "இல்லைப் பிள்ளை, அவ ஏதோ தூரமெண்டெல்லோ சொன்னவ? ஸோ வைற் எண்டது எனக்குக் கேட்டது" என்றார்.

"இல்லை அன்ரி, அது தூரமில்லை. ஸோ வைற் எண்டால் நேரம் வந்திட்டுது எண்டு அர்த்தம். ஒரு ஆளைச் சொன்னால், அவர் ஆயத்தம் எண்டு அர்த்தம்."

அம்மா அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு டொக்டரைப் பார்க்கவில்லை, வசுந்தரா அக்காவைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

பஸ் தரிப்புக்கு வந்து இருந்தோம். மூன்றாம் இலக்க பஸ் வந்தது, அம்மா அதில் ஏறவில்லை. அது போன பிறகு, "அண்டைக்கு அந்த மனுசனும் அதைத்தானே சொன்னவர்" என்றார். நான் ஓம் என்றேன். "நீ ஆயத்தமெண்டு சொல்லியிருக்கிறார். நீ தூரமெண்டு எனக்குத் தலையாட்டினனி." நான் ஓம் என்றேன். "கள்ளி" என்றார். "கொம்மாவையே பேய்க்காட்டுற கள்ளி." சிரித்தபடிதான் சொன்னார். பிறகு சிரிப்பு இருமலாகி, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தேன்.

படிவத்தைக் கேட்டார். பையில்தான் இருக்கும் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. நான் போகமாட்டேன், உங்களை விட்டுவிட்டுப் போக ஏலாது என்றேன். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் கட்டிலிலை கிடக்கிறதைப் பாத்துக்கொண்டு நீ துவாயிலை தட்டிக்கொண்டிருக்கப் போறியோ? ஒரு பிள்ளையை நான் மொழிபெயர்க்க வைச்சே துலைச்சுப்போட்டன். மற்றதையும் துலைக்கமாட்டன்."

அக்கா, அது நீதான். உன் பெயரை அவர் சொல்லவில்லை. இரண்டு வருடமாகச் சொல்வதில்லை. ஆனால் நீ அனுப்பிய கம்பளிக் காலுறையை மருந்து ஏற்றும் நாட்களில் மட்டும் போடுவார். மற்ற நாட்களில் கழுவி மடித்து வைப்பார்.

என் முதுகில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டார். சிவமலர் என்று தமிழில், பெரிதாக. பேனையின் அழுத்தம் ஒவ்வொரு எழுத்தாக என் முதுகில் தெரிந்தது.

இன்று காலை படிவத்தைக் கொடுத்துவிட்டேன். ப்ரிங்க்மன், அம்மாவுக்குப் பயணம் தூரம் என்று பயமோ என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஜூலை நான்காம் திகதி நான் போகிறேன். நான்கு கிழமைக்கு வீட்டில் அம்மா தனியாக. அம்மாவிடம் நேரம் எவ்வளவு இருக்கிறது என்று டொக்டர் சொன்னார். நான் அதை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. எழுதினால் அது உனக்கு நான் மொழிபெயர்த்ததாகிவிடும். நீ வந்தால் உனக்குத் தெரியும்.

நீ ஒன்றும் மொழிபெயர்க்க வேண்டாம். கடிதம் வாசிக்க வேண்டாம், டொக்டரோடு கதைக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் வசுந்தரா அக்கா வருவார், கேட்டுவிட்டேன். நீ அம்மாவுக்குப் பக்கத்தில் வெறுமனே இருந்தால் போதும். வெங்காயம் வெட்டிக்கொடு. மகளாக இரு. அம்மாவின் அறைக் கதவு திறந்துதான் கிடக்கும்.

எங்கள் ஊன்ட்றொப் கோயில் அம்பாள் உன்னை நல்லபடி கொண்டுவந்து சேர்க்கட்டும். நான் போவதற்கு முதல் நாள் வந்தாலும் போதும்.

ஸோ வைற் என்று டொக்டர் சொன்னார், அக்கா. தூரம் என்று அல்ல. இந்த முறை நான் சரியாகச் சொல்லியிருக்கிறேன்.

உன் தங்கை,
ஆதிரை