வேலம்மாள் பிழைத்த கதை

அக்கா,

இன்று காலை என் மகள் பள்ளிக்கூட அட்டை வேலைக்கு மைதாப் பசை காய்ச்சினாள். அடிப்பிடித்த வாடை வந்தும் அடுப்பை அணைக்கத் தோன்றாமல் நின்றுவிட்டேன். நீ போய் ஆறு மாதம் ஆகப்போகிறது.

எட்டாவதோடு உன் படிப்பை நிறுத்திவிட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அம்மா கொண்டுவரும் அட்டைகளை நாள் முழுக்கப் பெட்டியாக ஒட்டுவாய். பசைக் கையால் நூலகப் புத்தகத்தைத் தொட முடியாது. அதனால் வாசிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. எனக்கோ புத்தகம் என்றாலே வேப்பங்காய். இரண்டு பக்கம் வாசித்தால் நான்கு பக்கம் தாவுவேன். "ஏட்டி, கதை நொண்டிக்கிட்டுல்லா போவுது" என்பாய்.

ஒருநாள் வேலம்மாள் என்ற பெண்ணின் கதை. காய்ச்சலில் கிடக்கிறாள், வெளியூர் போன தம்பி வந்து சேரவில்லை. இன்னும் முப்பது பக்கம் இருந்தது. வாசலில் பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டார்கள். "தம்பி வந்துட்டான், வேலம்மா எந்திரிச்சுட்டா, முற்றும்" என்று மூடிவிட்டேன். "நல்லவேளை, பொழச்சுட்டா" என்று முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

எனக்கு விளையாட்டு ஓடவில்லை. நான் பொய்யாகப் பிழைக்க வைத்தவள் நிஜத்தில் என்ன ஆனாள் என்று மனசு அரித்தது. மறுநாள் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து அந்த முப்பது பக்கத்தையும் வாசித்தேன். யாரும் சொல்லாமல் நானாக வாசித்தது அதுதான் முதல் தடவை. தம்பி வந்தான், அவள் இல்லை. அழுது ஓய்ந்த பிறகு, அடுத்த புத்தகத்தை நானே போய் எடுத்து வந்தேன். அதில் ஒரு வரிகூடத் தாவவில்லை. ஏனோ உன்னிடம் எதையும் சொல்லவில்லை.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில், கடைசி வாரத்தில், நீயாகவே கேட்டாய்.

"ஏட்டி, அந்த வேலம்மா கடைசில என்ன ஆனா?"

"பொழச்சுட்டாக்கா. அன்னைக்கே வாசிச்சேன்லா."

நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். "பசுவந்தனைக்கு வாக்கப்பட்டுப் போன பெறவு நான் வாங்கிப் படிச்சேன். நீ இன்னும் அதைப் படிக்கவே இல்லையாட்டி" என்றாய். கோபமில்லை. வருத்தம்தான்.

படித்துவிட்டேன் என்று சொன்னால், அவள் செத்துப்போனதை நாம் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டதாகிவிடும். உன் கட்டிலருகே அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். நீயும் அப்படியே நம்பிப் போய்விட்டாய்.

இப்போதெல்லாம் எந்தப் புத்தகமானாலும் கடைசிப் பக்கங்களை வாய்விட்டுத்தான் வாசிக்கிறேன். "யாருக்கும்மா படிச்சுக் காட்டுத?" என்று மகள் கேட்கிறாள்.

படித்துவிட்டேன் அக்கா. மறுநாளே படித்துவிட்டேன்.