எதிர்க் கம்பனிக்குப் போன அக்கா

அக்கா,

நேற்று ஸ்காபரோவில் ரேடியோ திருத்தும் கடையொன்றுக்குள் நுழைந்தபோது, ஈயம் உருகும் புகை மூக்கில் ஏறியது. உடனே உங்கள் முகம் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில், மிசிசாகாவில் சிப் வடிவமைத்த அந்தக் கம்பனியின் சோதனைக்கூடத்தில், இந்தப் புகைக்குள்தான் நாங்கள் இருவரும் பகல் முழுக்க இருந்தோம். காலையில் உங்கள் காரில் போவோம். வழிநெடுக எங்கள் மெமரி சிப்பின் பிழைகளைப் பற்றியே பேசுவீர்கள்.

ஒரு திங்கட்கிழமை, எதிர்க் கம்பனி கூப்பிடுகிறது, போகிறேன் என்றீர்கள். காவலாளி பக்கத்தில் நிற்க, பிள்ளைகளின் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினீர்கள். அந்த மாதத்துக்குள் எங்கள் குழுவில் இன்னும் மூன்று பேர் அங்கேயே போனார்கள். மிஞ்சியவர்களின் பார்வையே மாறிவிட்டது. நான் தொலைபேசியை எடுத்தால் பக்கத்து மேசையில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிடும். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, காரில் என்ன பேசினீர்கள் என்று கேட்டார். சிப்பின் பிழைகளை என்றேன். அவர் நம்பவில்லை. மறுநாள் என் நுழைவு அட்டைக்குச் சோதனைக்கூடத்துக் கதவு திறக்கவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், எதிர்க் கம்பனிக்கு ஆள் பிடிக்கும் முகவர் என் மேசைத் தொலைபேசிக்கே அழைத்தார். சம்பளமும் கூடத் தருவார்கள், பதவியும் உயர்த்துவார்கள் என்றார். சிப்பில் எந்தப் பகுதி என்னுடையது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. போனவர்களில் அதை முழுக்க அறிந்தவர் நீங்கள்தான்.

அன்று பின்னேரமே உங்கள் வீட்டுக்கு அழைத்தேன்.

"அக்கா, என்ரை பேரை நீங்களோ குடுத்தனீங்கள்?"

"இல்லை. ஆர் கூப்பிட்டாலும் நீர் இஞ்சை வராதையும். அவைக்கு நாங்கள் தேவையில்லை, எங்கடை தலைக்குள்ளை இருக்கிறதுதான் தேவை."

"அப்ப நீங்கள் ஏன் போனனீங்கள்?"

"பழைய இடத்திலை என்னை மேலை வர விடமாட்டினம் எண்டு உமக்குத் தெரியும்தானே."

அது உண்மைதான். ஆனாலும் நான் வந்தால் உங்களுக்குப் போட்டியாகிவிடுவேன் என்றுதான் மறிக்கிறீர்கள் என்று நினைத்தேன். நான் போகவில்லை, உங்களை நம்பவும் இல்லை.

அடுத்த வருடம் அவர்களின் சிப் சந்தைக்கு வந்தது. வந்த கையோடு உங்களை வேலையால் நிறுத்தினார்கள். மற்ற மூவரும் அங்கேயே இருந்தார்கள். ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு றிச்மண்ட் ஹில் கோயிலில் கண்டபோதும் சுகம் விசாரித்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

உங்கள் செத்தவீட்டில்தான் உங்கள் கணவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, சேர்ந்த நாளிலை இருந்து, பழைய இடத்து ஆக்களின்ரை பேரைச் சொல்லு எண்டு அவையள் அவவை ஆக்கினைப்படுத்தினவை. அவ ஒருத்தற்றை பேரும் சொல்லேல்லை. அதுதான் முதல் ஆளா நிப்பாட்டினவை."

"அப்ப என்ரை பேரை ஆர் குடுத்தது?"

"மற்ற மூண்டு பேரிலை ஆரோ. அவவுக்கும் தெரியாது."

எனக்கும் இன்றுவரை தெரியாது. அந்த மூவரில் ஒருவர் இப்போது என்னோடு ஒரே கட்டடத்தில் வேலை செய்கிறார். அவர் சுகம் கேட்கும்போதெல்லாம், எதற்குக் கேட்கிறார் என்றே மனம் ஓடுகிறது.

போன கிழமை, புதிதாக ஆள் எடுக்கும் அதிகாரி என் மேசைக்கு வந்தார். முன்பு வேலை செய்த இடத்தில் கெட்டிக்காரர்கள் இருந்தால் பெயர் சொல்லும்படி கேட்டார். எனக்கு நாலைந்து பேரைத் தெரியும். ஒருவரையும் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

நம்பாமலே இருக்கட்டும், அக்கா.