அப்பா ‘நிக்கான்’ என்று சொன்னது

ஒகாயா
ஜனவரி கடைசி வாரம்

அன்பு மகள் சயோகோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே ஏரியின் ஓரமெல்லாம் உறைந்துவிட்டது. அங்கே ஹோபார்ட்டில் கோடைக்காலம். வெயிலில் வயிற்றைச் சுமந்துகொண்டு கடைகண்ணிக்கு அலையாதே. கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாயே, படுக்கும்போது காலுக்கடியில் தலையணை வைத்துக்கொள். சமையலை மாப்பிள்ளை கிரஹாமே பார்த்துக்கொள்கிறார் என்று கேட்டதில் எனக்கு நிம்மதி.

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. கிரஹாம் பக்கத்தில் இருக்கும்போது படி. பயப்படாதே, எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் கொல்லையில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அப்பாவே போனை எடுத்திருக்கிறார். நீ “அப்பா, நான்தான்” என்றிருக்கிறாய். அவர் “நிக்கான்” என்றிருக்கிறார். நீ என்னென்னவோ கேட்டாய், அவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். மறுபடி நீ கூப்பிட்டு என்னிடம் அழுதாய். “கல்யாணத்துக்குத்தான் வரலை. இத்தனை வருஷம் கழிச்சு முதல் தடவையா போனை எடுத்துட்டு, காமிரா பேரைச் சொல்லி என்னைக் கேலி பண்ணணுமாம்மா?” என்று கேட்டாய். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் உன்னிடம் ஒன்றும் சொல்ல முடியவில்லை. “அவருக்குத் தொண்டை சரியில்லை” என்றேன். அது பொய். நவம்பரிலிருந்து உன்னிடம் நான் சொன்னதெல்லாம் பொய்தான். அப்பா படம் எடுக்கப் போயிருக்கிறார் என்றேன், குளியலறையில் இருக்கிறார் என்றேன்.

அவர் கேலி செய்யவில்லை, கண்ணே. அவரிடம் மிச்சமிருப்பது அந்த ஒரு வார்த்தைதான்.

நடந்ததைச் சொல்கிறேன். நவம்பரில், வழக்கம்போல ஸ்டேஷன் எதிரே இருக்கும் சோபா நூடுல்ஸ் கடை மாடியில் காமிரா சங்கத்தின் கூட்டம். உலகத்திலேயே சிறந்த காமிரா எது என்று வருடா வருடம் நடக்கும் அதே சண்டை. காமிராவுக்கு ஒரு கிண்ணம், பிடித்த காமிராவின் கிண்ணத்தில் சிவப்புப் பயறு போட்டு ஓட்டு. உலகமே அழிந்தாலும் இந்தச் சண்டை முடியாது என்று நீயே சின்ன வயதில் கிண்டல் செய்வாய். கடைக்காரம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் நான் ஊறுகாயும் தேநீரும் எடுத்துப்போய்ப் பரிமாற உட்கார்ந்திருந்தேன்.

உகாய் அம்மா, அதுதான் உன் பள்ளிக்கூடத்துச் சங்கீத டீச்சர், முதலில் பேசினார். “ரோலைஃப்ளெக்ஸைக் கையில எடுத்தா குனிஞ்சுதான் பார்க்கணும். எடுக்கிறவன் எதிர்ல இருக்கிறவங்களுக்குத் தலை வணங்கறான். வேற எந்தக் காமிரா மனுஷனுக்கு இந்த மரியாதையைக் கத்துக்குடுத்துச்சு?” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பல் டாக்டர் ஹிரோசே எழுந்து, “ஹாசல்பிளாட் நிலாவுக்கே போயிட்டு வந்தது, அதுக்கு மேல என்ன பேச்சு?” என்றார். உடனே குராதா மாமா, “நிலாவுல யாருய்யா இருக்கா, கொஞ்சம் சிரிங்கன்னு சொல்ல?” என்றார். மாடியே அதிர்ந்தது.

குராதா மாமாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவோடு ஒரே தொழிற்சாலையில் லென்ஸ் தேய்த்தவர், உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஏரித் திருவிழா வாணவேடிக்கை காட்டியவர். அவருக்கு நிக்கான், அப்பாவுக்கு லைக்கா. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான்.

“பனியில போடு, மழையில நனை, வேணும்னா அதால ஆணி கூட அடி. கூப்பிட்ட நேரத்துக்கு வேலை செய்யும் என் நிக்கான். இவன் லைக்காவோட அடியைக் கழட்டிப் பிலிம் மாட்டறதுக்குள்ள கல்யாணப் பொண்ணு பிள்ளையே பெத்துடுவா!” என்றார் மாமா.

அப்பா சிரித்துக்கொண்டே எழுந்தார். “உன்னுது தட்டுற சத்தத்துல ஏரியில இருக்கிற அன்னமெல்லாம் பறந்து போயிடுதேடா. என்னுது மூச்சு விடுற மாதிரி. எதிர்ல இருக்கிறவனுக்கு எடுத்ததே தெரியாது. சரி, எல்லாரும் கேளுங்க, இன்னிக்கு இதை முடிச்சு வைக்கிறேன். இந்த நிக்கான்…” என்று விரலை உயர்த்தினார்.

அப்படியே நின்றார். “நிக்கான்…” என்றார் மறுபடி. “நிக்கான்… நிக்கான்…” எல்லோரும் சிரித்தார்கள். மாமாவைப் போல நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்தார்கள். நானும் சிரித்தேன், சயோகோ. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அவர் முகத்தின் வலது பக்கம் மெழுகு உருகுவது போல இறங்கியது. யாரோ கத்தினார்கள். அப்பா கிண்ணங்களின் மேலேயே சரிந்தார், பயறு பாய் முழுக்கச் சிதறியது. நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை, அவர் தலை என் மடியில் இருந்தது. அப்போது என் காதருகே ‘டக்’ என்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். குராதா மாமா காமிராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றார்.

இவ்வளவு வருட சிநேகிதன் செத்துக்கொண்டிருக்கிறான், இந்த மனிதர் படம் எடுக்கிறார். நான் அவர் கழுத்துவாரைப் பிடித்து இழுத்துக் காமிராவைச் சுவரில் வீசி அடித்தேன். “இனிமே எங்க வாசப்படி மிதிக்காதே” என்றேன். நான்தான் சொன்னேன். யாரையும் ஒருமையில் பேசிப் பழகாத உன் அம்மா.

மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதாம். மாத்சுமோதோவில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டார். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு போய்விட்டது. சரியாகச் சொன்னால், அந்த ஒரு வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் போய்விட்டது. தண்ணீர் வேண்டுமானால் “நிக்கான்”. என்னைக் கூப்பிட்டால் “நிக்கான்”. வலித்தால், பசித்தால், ஜன்னலில் பனி விழுவதைக் காட்டினால், எல்லாவற்றுக்கும் “நிக்கான்”. புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி, “நிக்கான்ங்கிறது உங்க பொண்ணு பேருங்களா? ஐயா எந்நேரமும் கூப்பிடறாரே, வரச் சொல்லக் கூடாதா?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நடைக்கூடத்தில் போய் நின்றுகொண்டேன்.

டாக்டர் சொன்னார்: நினைப்பு, புரிதல் எல்லாம் பெரும்பாலும் இருக்கிறது, வழிதான் அடைத்துப்போயிருக்கிறது. சிலருக்கு விழும் நேரத்தில் வாயிலிருந்த வார்த்தையே அப்படித் தங்கிவிடுமாம். வாழ்நாள் முழுக்க லைக்கா, லைக்கா என்றவருக்கு இதுவா தங்க வேண்டும் என்று நான் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அந்த வாரம்தான் உனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, விமானம் ஏறக் கூடாது என்று உன் டாக்டர் சொல்லியிருந்தார். சொல்லியிருந்தால் நீ ஏறியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

புது வருடத்துக்கு முன்பு வீட்டுக்கு அழைத்து வந்தோம். மாமா இரண்டு மூன்று தடவை வந்து வாசலில் நின்றார். நான் கதவைத் திறக்கவில்லை. வேலியோரம் கஷ்கொட்டைப் பையை வைத்துவிட்டுப் போய்விடுவார். அதை நான் தொடவும் இல்லை, காக்கை தின்றது.

வருடப் பிறப்புக்கு நாம் அரிசியை வேகவைத்து இடிக்கும் மோச்சியை இந்த வருடம் இடிக்கவில்லை. அப்பாவுக்கு விழுங்கக் கஷ்டம். பல் டாக்டர் ஹிரோசேதான் கஞ்சி எடுத்துக்கொண்டு பார்க்க வந்தார். வந்தவர் ஒரு உறையை மேஜைமேல் வைத்தார். நான் வீசிய காமிராவை அவர்தான் எடுத்து வைத்திருக்கிறார். அந்தப் பாழாய்ப்போன காமிராவுக்கு ஒரு மூலை நசுங்கியதோடு சரி, மற்றபடி ஓடுகிறதாம். பிலிமைக் கழுவிப் படம் போட்டிருந்தார். “பார்க்கிறதும் கிழிக்கிறதும் உங்க இஷ்டம்மா. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அன்னிக்கு நாங்க எல்லாரும் சிரிச்சிட்டிருந்தோம். ‘சிரிக்காதீங்கடா, அவன் வாய் கோணுது, ஆம்புலன்ஸைக் கூப்பிடு’ன்னு கத்தினது குராதா சார்தான். காமிரா வழியா பார்த்ததால அவருக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது” என்றார்.

நான் நம்பவில்லை. கத்தியது ஹிரோசே என்றுதான் என் மனதில் இருந்தது. கோர்ட்டில் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சத்தியம் செய்திருப்பேன். சீக்கிரம் கொண்டுவந்ததால்தான் பிழைத்தார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களே, அந்தச் சீக்கிரம் யாருடையது என்று அப்போதுதான் உறைத்தது. சயோகோ, என் காதையும் கண்ணையும் இனி எப்படி நம்புவது?

படங்களைப் பார்த்தேன். ஒன்றில் அப்பா விரலை உயர்த்தி நிற்கிறார், சந்தோஷமாக. அடுத்ததில் வாய் இழுத்திருக்கிறது. கடைசிப் படத்தில் நான். அவர் தலையை அணைத்துக்கொண்டு, வாய் திறந்து, ஏதோ ஒரு மிருகம் போல இருக்கிறேன். அது என் முகம் என்று எனக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆனது.

ஆக, குராதா மாமா கத்திய பிறகும் எடுத்திருக்கிறார். அதுவும் உண்மை.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணை அப்பாவுக்குத் துணை வைத்துவிட்டு மாமா வீட்டுக்குப் போனேன். ஆள் பாதியாக இளைத்திருந்தார். ஏன் எடுத்தீர்கள் என்று நேராகவே கேட்டேன். “கை தானா போச்சு அண்ணி. அவன் விழறான், எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை. கைக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். மன்னிச்சிடுங்கன்னு கேட்க மாட்டேன், என்னாலேயே என்னை மன்னிக்க முடியலை” என்றார். இன்னொன்றும் சொன்னார்: “அவன் என் காமிரா பேரைச் சொல்லிட்டே விழுந்தான். நான்தான் வாயைக் கிளறிக் கிளறிச் சாகடிச்சேன்னு தோணுது.”

எனக்கு இன்னும் கோபம் முழுதாகப் போகவில்லை, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனாலும், “கோட்டைப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க” என்றேன்.

அப்பா அவரைப் பார்த்ததும் இடது கையை நீட்டி, “நிக்கான்!” என்றார். மாமா வாசற்படியிலேயே அப்படியே உட்கார்ந்துவிட்டார். “ஒத்துக்கிட்டியாடா கடைசியில, படுபாவி” என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். அப்பா பாதி வாயால் சிரித்தார். பிறகு வேகவேகமாகத் தலையாட்டினார். ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம்! அன்று அந்த வாக்கியத்தை எப்படி முடிக்க இருந்தார் என்று நாங்கள் இருவரும் மாறி மாறிக் கேட்டோம். அவருக்குக் கண்ணீர் வந்ததே தவிர வேறு வார்த்தை வரவில்லை.

இப்போது மாமா தினமும் மதியம் வருகிறார். வந்து என்ன செய்கிறார் தெரியுமா? இரண்டு பேருடைய வாதத்தையும் அவரே பேசுகிறார். தன் பக்கத்தைச் சொல்லிவிட்டு, நகர்ந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு லைக்காவுக்காகப் பேசுகிறார். “என்னடா, சரியா சொன்னேனா?” என்று கேட்பார். பேச்சில் சத்து இல்லையென்றால் அப்பா இடது கையால் மேஜையைத் தட்டுவார். மாமா மறுபடி முதலிலிருந்து, இன்னும் நன்றாகப் பேச வேண்டும். நேற்று அந்த மனிதர் லைக்காவைப் பற்றிப் பேசியதைக் கேட்டு, அடுப்பில் இருந்ததை மறந்து நான் கதவோரம் நின்றுவிட்டேன். இவ்வளவும் தெரிந்துகொண்டா இத்தனை வருடம் எதிர்த்தார்?

அப்பாவுக்கு அந்தப் படங்களைக் காட்டக் கூடாது என்றிருந்தேன். மேஜையிலிருந்து எடுத்துவிட்டார். தான் விழுவதைத் தள்ளி வைத்துவிட்டு, என் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். ஊரில் உள்ள மலை, ஏரி, அன்னம் எல்லாவற்றையும் எடுத்தவர், என்னை ஒரு தடவையும் உட்காரவைத்து எடுத்ததில்லை. அந்த அலங்கோலமான முகத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். திருப்பிக் கேட்டால் தருவதில்லை. இதற்கு நான் என்ன சொல்ல?

சயோகோ, ஞாயிற்றுக்கிழமை அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து, ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு நடைக்கூடம் முழுக்க நடந்து அந்தப் போனை எடுத்திருக்கிறார். எழுதித் தரவும் கை வராது. உன்னிடம் என்ன சொல்ல நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. சின்ன விஷயமாக இருந்திருக்காது என்று மட்டும் தெரியும். அடுத்த முறை அவர் எடுத்தால் பதில் தேடாதே. நீ பாட்டுக்குப் பேசு. வயிற்றில் குழந்தை உதைப்பதைச் சொல். என்ன பெயர் வைக்கப்போகிறாய் என்று சொல். கேட்டுக்கொண்டிருப்பார்.

நீ இப்போது கிளம்பிவிடக் கூடாது. இது அம்மாவின் கட்டளை. குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும். நீயும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல் இருக்க சுவா கோயிலில் வேண்டிக்கொண்டு ஒரு தாயத்து வாங்கியிருக்கிறேன், இத்துடன் வைத்திருக்கிறேன்.

பிறகு எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. நன்றாக வெயில் அடித்ததால் இன்று உன் அறை மெத்தையை வெளியே போட்டு, தட்டி எடுத்து, புது உறை போட்டு வைத்தேன். பக்கத்தில் சின்னதாக ஒன்றும் வைத்தேன். சும்மாதான். வெயிலை வீணாக்க வேண்டாமே என்று.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா கினுயோ